மொத்த எண் சொல்லாதது: மாத்தளை மாவட்டத்தில் குருதிக் கொழுப்பின் கோலமும் இளவயது நாடி நோயும்

கொலஸ்ட்ரோல் குருதியில் தனித்து ஓடுவதில்லை. புரதம் பொதிந்த நுண்துணிக்கைகளில் ஏறியே உடலெங்கும் செல்கிறது. எல்.டீ.எல். துணிக்கையும், ட்ரைகிளிசரைட்டைச் சுமக்கும் வீ.எல்.டீ.எல். துணிக்கையும் ஒவ்வொன்றும் அபோ-பி என்னும் ஒரு புரதத்தைத் தாங்கியவை. இவை நாடியின் உட்சுவருக்குள் நுழைந்து அங்கே சிக்கிக்கொள்ளும்போதுதான் நோய் தொடங்குகிறது. சிக்கிய துணிக்கைகளை வெண்குருதிக் கலங்கள் விழுங்கி நுரைக்கலங்களாகின்றன. அவை சேர்ந்து மஞ்சள் நிறக் கொழுப்புக் கீற்றாகப் படிகின்றன. சுவருக்குள் எத்தனை துணிக்கைகள் நுழைகின்றன என்பதே முதன்மையானது. ஒவ்வொன்றும் எவ்வளவு கொலஸ்ட்ரோலைச் சுமக்கிறது என்பது அதற்கு அடுத்தபடிதான். விபத்து முதலியவற்றால் இறந்த 15 முதல் 34 வயதுக்குட்பட்டோரின் நாடிகளை ஆராய்ந்த அமெரிக்கப் பிரேத ஆய்வு, இக்கீற்றுகள் அந்த வயதிலேயே பரவலாக இருப்பதைக் காட்டியது.

மாத்தளை மாவட்டம் முழுவதற்கும் ஒரே உணவுப் பழக்கம் என்று சொல்ல முடியாது. தெற்கே இறத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை மலைகளில் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களும் மிளகும் சாதிக்காயும் கராம்பும் வளரும் வீட்டுத் தோட்டங்களும் உள்ளன. வடக்கிலும் கிழக்கிலும் தம்புள்ளை, கலேவெல, வில்கமுவ என உலர்வலய வயல்களும் மரக்கறிச் சந்தையும். இருந்தும் மாவட்டத்தின் எந்த மூலையிலும் கிளினிக் கொப்பியில் முதலில் தேடப்படுவது ஒரே எண்தான்: மொத்தக் கொலஸ்ட்ரோல். 200-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. இந்த நிம்மதிக்குப் பெரும்பாலும் ஆதாரம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2005-06இல் இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடந்த நீரிழிவு, இருதய நோய் ஆய்வில் மத்திய மாகாணமும் அடங்கியது. அதன் கொழுப்புத் தரவுகளின்படி, வயது வந்தோரில் முக்கால் பங்கினருக்கு ஏதோ ஒரு கொழுப்புக் கோளாறு இருந்தது. எல்லாவற்றிலும் பரவலானது எச்.டீ.எல். குறைவு, அதாவது 'நல்ல கொழுப்பு' குறைவு. தமிழ்நாடு உட்பட இந்தியாவின் நான்கு பகுதிகளை ஆராய்ந்த ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின் 2014ஆம் ஆண்டு முடிவுகள் இதே கோலத்தை இன்னும் கூர்மையாகக் காட்டின: எச்.டீ.எல். குறைவு 72.3 வீதம், ட்ரைகிளிசரைட்டு மிகை 29.5 வீதம், எல்.டீ.எல். மிகை 11.8 வீதம் மட்டுமே. தோட்டத் தமிழரின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் இவ்வொப்பீடு பொருத்தமற்றதன்று. 52 நாடுகளை உள்ளடக்கிய இன்டர்ஹார்ட் ஆய்வில் இலங்கையும் சேர்ந்திருந்தது. தெற்காசியரின் முதல் மாரடைப்புக்கான இடைநிலை வயது 53, ஏனையோருக்கு 58.8 என அது கணித்தது.

கோலம் எண்ணைவிட முக்கியமாவது எப்படி என்பதைக் கற்பனையான இரண்டு பரிசோதனை அறிக்கைகள் காட்டும். ஒருவருக்கு மொத்தம் 190, எச்.டீ.எல். 34, ட்ரைகிளிசரைட்டு 200. மற்றவருக்கு மொத்தம் 205, எச்.டீ.எல். 62, ட்ரைகிளிசரைட்டு 80 (எல்லாம் ஒரு டெசிலீற்றரில் மில்லிகிராம்). 1972ஆம் ஆண்டின் பிரீட்வால்ட் சூத்திரப்படி, மொத்தத்திலிருந்து எச்.டீ.எல்.லையும் ட்ரைகிளிசரைட்டின் ஐந்திலொன்றையும் கழித்தால் எல்.டீ.எல். கிடைக்கும்: முதலாமவருக்கு 116, இரண்டாமவருக்கு 127. இரண்டு எண்களிலும் முதலாமவரே நலமானவராகத் தெரிகிறார். ஆனால் மொத்தத்திலிருந்து எச்.டீ.எல்.லை மட்டும் கழித்துப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது: 156, 143. அபோ-பி தாங்கிய துணிக்கைகள் அனைத்தின் கொலஸ்ட்ரோலையும் சேர்த்துக் காட்டுவது இந்த எச்.டீ.எல். அல்லாத எண்ணே. ட்ரைகிளிசரைட்டு மிகும்போது எல்.டீ.எல். துணிக்கைகள் சிறுத்துச் செறிவதால், ஒரே அளவு கொலஸ்ட்ரோலுக்குக் கூடுதலான துணிக்கைகள் அமைகின்றன.

எச்.டீ.எல். குறைவை நோயின் நேரடிக் காரணமாகக் கொள்வதும் தவறு. அதைக் கூட்டும் டோர்செட்ராபிப் என்ற மருந்தின் பெருஞ்சோதனை, மருந்து எடுத்தோரிடம் இறப்பு மிகுந்ததால் 2006இல் நிறுத்தப்பட்டது. எச்.டீ.எல்.லை உயர்த்தும் மரபணு வேறுபாடு மாரடைப்பைக் குறைக்கவில்லை என்று 2012இல் வெளியான ஆய்வும் காட்டியது. எனவே எச்.டீ.எல். குறைவு ஓர் அடையாளம் மாத்திரமே; கல்லீரல் ட்ரைகிளிசரைட்டை மிகையாக வெளியேற்றுகிறது என்பதற்கான அடையாளம்.

அடையாளத்துக்கும் காரணத்துக்கும் இடையிலான இந்த வேறுபாடு தேங்காய் பற்றிய பழைய வழக்கைத் தெளிவாக்குகிறது. 1989இல் சாந்தி மெண்டிஸும் அமெரிக்க ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், இளம் இலங்கை ஆண்களின் உணவில் தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாகச் சோள எண்ணெய் சேர்க்கப்பட்டது. மொத்தக் கொலஸ்ட்ரோல் 179.6இலிருந்து 146.0 ஆகவும், எல்.டீ.எல். 131.6இலிருந்து 100.3 ஆகவும் இறங்கின. ஆனால் எச்.டீ.எல். 43.4இலிருந்து 25.4 ஆக, இன்னும் செங்குத்தாக விழுந்தது. தேங்காயை ஆதரிப்போர் இந்தக் கடைசி எண்ணையே பிடித்துக்கொண்டனர்; எச்.டீ.எல்.லுக்கும் மொத்தத்துக்கும் உள்ள விகிதம் மோசமானதே என்றனர். எச்.டீ.எல். வெறும் அடையாளம் எனில் அந்த வாதம் தளர்கிறது. 16 சோதனைகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், ஏனைய தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் எல்.டீ.எல்.லைச் சராசரியாக 10 மில்லிகிராம் அளவுக்கு உயர்த்தியது. எதிர்ப்பக்கத்தில் 2013ஆம் ஆண்டு இலங்கை ஆய்வொன்று நிற்கிறது: நலமுள்ள 60 பேர் 8 வாரங்கள், வாரத்துக்கு 5 நாள் தேங்காய்ப்பால் கஞ்சி குடித்தபோது எல்.டீ.எல். குறைந்தது, எச்.டீ.எல். கூடியது. காலைக் கஞ்சி எந்த உணவின் இடத்தைப் பிடித்தது என்பதைப் பொறுத்தே இம்முடிவை எடைபோட வேண்டும். பொரித்தெடுக்கும் எண்ணெயும் சொதிக்குப் பிழியும் பாலும் ஒன்றல்ல. மாத்தளைச் சமையலறையில் தேங்காய் கவனத்துக்குரியதே, ஆயினும் மேற்சொன்ன கோலத்துக்கு அது முதற்காரணமன்று: தேங்காய்க் கொழுப்பு எச்.டீ.எல்.லைக் கூட்டவே செய்யும், இங்கோ எச்.டீ.எல். குறைந்திருக்கிறது.

அந்தக் கோலத்தின் வேர் மாவுச்சத்தில் இருக்கிறது. தோட்ட லயத்துக் காலை உணவு கோதுமை மா ரொட்டி, சம்பல், சீனி தாராளமாகப் போட்ட பிளேன்டீ. பருப்பும் முட்டையும் கையிருப்பைப் பொறுத்தவை. மிகையான மாவுச்சத்தைக் கல்லீரல் ட்ரைகிளிசரைட்டாக மாற்றி அனுப்புகிறது. சரிவில் நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் உடல் அதில் பெரும்பகுதியை எரித்துவிடும். அதே உணவோடு வளர்ந்து ஆடைத் தொழிற்சாலைக்கும் கடைக்கும் போகும் மகனுக்கும் மகளுக்கும் அந்த வடிகால் இல்லை.

பிறப்பும் இதில் சேர்கிறது. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமின்மை நாடளவில் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். இக்குறை கருவிலேயே தொடங்குகிறதெனில், கருவில் குறைவாக வளர்ந்தோர் பின்னாளில் இருதய நோய்க்கு அதிகம் ஆளாவர் என்ற டேவிட் பார்க்கரின் கருதுகோளும் உண்மையெனில், தோட்டப் பிள்ளைகளின் ஆபத்து அவர்களுடைய முதல் ரொட்டிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. உலர்வலயப் பகுதியில் வேறொரு சிக்கல்: காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வில்கமுவவில் காணப்படுகிறது. சிறுநீரகம் தளரும்போதும் ட்ரைகிளிசரைட்டு ஏறி எச்.டீ.எல். இறங்கும்.

இலங்கையில் 2011இல் தொடங்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் 35 வயதைக் கடந்தோரைப் பரிசோதிக்க அழைக்கின்றன. அங்கு வரும் ஆண்கள் குறைவு என்பது நெடுநாளைய குறை. ஆபத்தைக் கணிக்கப் பயன்படும் உலக சுகாதார நிறுவன வரைபடங்கள் 40 வயதில்தான் தொடங்குகின்றன. அவற்றில் புகுத்தப்படுவதும் மொத்தக் கொலஸ்ட்ரோலே. எச்.டீ.எல்.லையும் சேர்த்து அளந்தால் ஒரே கழித்தலில் பயனுள்ள எண் கிடைக்கும். அதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதுமில்லை. வெறும் வயிற்றோடு காலையில் வைத்தியசாலை வரிசையில் நின்றால் அன்றைய பேர் (நாட்கூலி) விழாது என்று அஞ்சும் தொழிலாளிக்கு இது சிறிய சலுகையன்று. வேலை முடிந்த மாலையிலும் குருதி எடுக்கலாம்.

இளவயதினரில் தனியாகத் தேடப்பட வேண்டியவர்கள் பரம்பரைக் கொலஸ்ட்ரோல் மிகையுடையோர். எல்.டீ.எல்.லைக் குருதியிலிருந்து அகற்றும் ஏற்பியின் குறைபாட்டால் இது நேர்வதைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். உலகளவில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது உண்டு. எல்.டீ.எல். 190-ஐத் தாண்டுவதும், குதிக்கால் தசைநாண் தடிப்பதும், உறவினரில் ஒருவர் ஐம்பது வயதுக்குள் மாரடைப்பால் இறந்திருப்பதும் இதற்கான குறிகள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதி வாய்ப்பு. ஆகவே ஒருவர் அகப்பட்டால் அவர் உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் அழைத்துப் பரிசோதிப்பதே முறை. அண்ணன் தம்பி குடும்பங்கள் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழும் லயத்தில், தோட்ட வைத்திய உதவியாளருக்கு இந்த வேலை நகரத்து வைத்தியரைவிட எளிது. தேவைப்படும் அடோர்வஸ்டாட்டின் அரச கிளினிக்குகளில் இலவசமாகவே வழங்கப்படுகிறது.