வல்லத்துப் பிள்ளையும் 87,17,82,91,201-ம்

கணக்கு என்றாலே ஓடுபவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். பி.காம். மாணவர் வைத்திருக்கும் 12 இலக்கக் கால்குலேட்டர் போதும்.

சீசன் நேரத்தில் வ. புதுப்பட்டியில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகக் குற்றாலம் போகிறவர்கள் பலர். அந்தக் குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர் வல்லம். 1901-ல் அங்கே பிறந்தவர் எஸ்.எஸ். பிள்ளை (சிவசங்கரநாராயண பிள்ளை). ராமானுஜனைத் தெரிந்த அளவுக்கு இவரை நமக்குத் தெரியாது.

1930-ல் பிள்ளை ஒரு கேள்வி கேட்டார். அப்போது அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர். 1 முதல் ஒரு எண் வரை வரிசையாகப் பெருக்கி, அதோடு 1 கூட்டுங்கள். வரும் விடையின் பகாக் காரணிகளை அந்த எண்ணால் வகுத்தால் எப்போதும் மீதி 1 தானா?

5 வரை பெருக்கினால் 120. ஒன்று கூட்டினால் 121, அதாவது 11 × 11. பதினொன்றை 5-ஆல் வகுத்தால் மீதி 1. சரி! 7 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 5,041, அதாவது 71 × 71. 71-ஐ 7-ஆல் வகுத்தாலும் மீதி 1. ஆனால் 8-ல் உடைகிறது. 40,321 = 61 × 661. 61-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5.

இப்படி உடைக்கும் பகா எண்களில் மிகச் சிறியது 23. அதைச் சுட்டிக் காட்டியவர் சௌலா. 14 வரை பெருக்கி 1 கூட்டினால் வருவதுதான் தலைப்பில் உள்ள எண்: 8,717 கோடியே 82 லட்சத்து 91 ஆயிரத்து 201. அதை 23-ஆல் வகுத்துப் பாருங்கள், 379,03,60,487 என்று மீதியில்லாமல் வரும். ஆனால் 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 9.

ஆக, விடை 'இல்லை'. வேடிக்கை என்னவென்றால், கேள்வியைப் பொய்யாக்கிய 23, 29, 59, 61 போன்றவைக்குத்தான் இன்று 'பிள்ளை பகா எண்கள்' என்று பெயர்! இவை முடிவில்லாமல் உண்டு என்று ஹார்டியும் (ராமானுஜனின் ஹார்டி அல்ல) சுப்பாராவும் 2002-ல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார்கள்.

பிள்ளையின் பெரிய வெற்றி 1940-ல் வந்தது. எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்று நிறுவினார். 73-க்குக் குறைந்தால் 703 என்ற எண்ணே இடிக்கும். மூன்றின் ஆறாம் அடுக்கு 729, அது பெரிதாகிவிடுகிறது. எனவே பத்து 64-களும் அறுபத்து மூன்று 1-களும் வேண்டும். வேரிங் என்ற ஆங்கிலேயர் 1770-ல் எழுப்பிய கணக்கின் ஒரு பகுதி இது.

1950-ல் பிரின்ஸ்டனில் இருந்து அழைப்பு வந்தது. ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்கும் சேர்த்துப் புறப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று எகிப்தில் விமானம் விழுந்தது. 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு வயது 49.

அடுத்த முறை குற்றாலம் போகும்போது வல்லத்தையும் நினைத்துக் கொள்ளுங்கள். கேட்ட கேள்விக்கு விடை 'இல்லை' என்று வந்தும், அதன் பெயரால் இன்றும் நினைக்கப்படுகிறவர் பிறந்த ஊர் அது.