பழைய வடக்குப் பாதையைக் கணினியில் கட்டுவது எப்படி?

ரயில் சிமுலேட்டர் என்பது கணினித் திரையில் ரயில் செலுத்தும் மென்பொருள். 'ஓப்பன் ரெயில்ஸ்' போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. மறைந்துபோன பாதைகளை ஆராய்ந்து இவற்றில் மீளக் கட்டும் ஆர்வலர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். வவுனியா முதல் காங்கேசன்துறை வரையான எங்கள் பழைய பாதையை அப்படிக் கட்ட என்னென்ன வேண்டும் என்று சில மாதங்களாகத் தேடி வருகிறேன்.

இன்றைய பாதையைப் பார்த்து வரைந்தால் போதாது. 1905இல் முழுமையடைந்து, 1956 முதல் யாழ்தேவி ஓடிய பாதை 1990 ஜூனில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பியது. தடம் பெரும்பாலும் பழையதுதான். ஆனால் கொங்கிரீட் சிலிப்பர்களும் விளக்குச் சமிக்ஞைகளும் புதியவை.

முதலில் ஆண்டைத் தீர்மானிக்க வேண்டும். நான் 1970களை எடுத்துக்கொண்டேன். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த எம்2 டீசல் என்ஜின்கள் அப்போது ஓடின. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை இயங்கியதால் சரக்கு ரயில்களையும் சேர்க்க வேண்டும்.

அடுத்தது நிலம். மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் நில அளவைத் திணைக்களம் வரைந்த பழைய வரைபடங்களில் பாதையும் நிலையங்களும் குளங்களும் உள்ளன. உயரத் தரவுகளை 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் மூலம் திரட்டியது. அந்த ரேடாருக்கு அடர்ந்த மரக்கூட்டமும் மேடாகவே தெரியும். யாழ்ப்பாணம் போன்ற சமதரையில் பனங்கூடல் குன்றாகிவிடாமல் கையால் திருத்த வேண்டும்.

பிறகு இயக்கமுறை. இது ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரு ரயில்கள் வராதிருக்க, அடுத்த நிலையம்வரை செல்வதற்கான டோக்கனை நிலைய அதிபர் சாரதியிடம் கொடுப்பார். எந்த நிலையத்தில் எந்த ரயில் எதற்காகக் காத்து நின்றது என்பதை அக்கால நேரசூசிகள் சொல்லும்.

கடினமானது நிலையங்களின் தோற்றம். பல குடும்பங்களின் படங்கள் இடப்பெயர்வுகளில் தொலைந்தன. 1981இல் யாழ் நூலகத்தோடு பழைய பத்திரிகைகளும் எரிந்தன. எஞ்சியிருப்பது மனிதர்களின் நினைவு. "அந்தக் காலம் எப்படி?" என்று கேட்டால் ஏக்கம்தான் பதிலாக வரும். "மாங்குளத்தில் மேடை எந்தப் பக்கம்? தண்ணீர்த் தாங்கி எங்கே? கடவைக் கதவை யார் மூடுவார்?" என்று கேட்டால் தகவல் வரும். ஒரே கேள்வியை இருவரிடம் தனித்தனியே கேட்டு, வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். உறுதியாகாத இடத்தைக் கற்பனையால் நிரப்பாமல், 'உறுதியில்லை' என்று குறித்துவைப்பதே நேர்மை.

1990இல் 30 வயதில் அங்கு வேலை செய்தவர் இன்று 60ஐத் தாண்டிவிட்டார். மென்பொருளை அடுத்த வருடமும் பழகலாம். அவர்களிடம் கேட்பதை ஒத்திப்போட முடியாது. உங்கள் வீட்டில் அந்த ரயிலில் ஏறியவர், அதில் வேலை செய்தவர் யாராவது இருந்தால், ஒரு தாளில் அவர்களுடைய நிலையத்தை வரையச் சொல்லுங்கள். வரைந்தவரின் பெயரையும் ஆண்டையும் அதன் கீழே எழுதி வையுங்கள்.