தொந்தியின் சரித்திரம்

என் தங்கை மகள் போன மாதம் ஊரிலிருந்து வந்திருந்தாள். இடுப்பில் இரண்டு வயதுக் கைக்குழந்தை. "மாமா, வயிற்றுச் சதையை ஆபரேஷன் செய்து எடுத்துவிடப் போகிறேன். பல் பிடுங்குகிற மாதிரிதானாம்" என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புத்தகங்களைப் புரட்டினேன்.

இந்த ஆசை பழையதுதான். முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானியர், அப்ரோனியஸ் என்னும் பிரமுகரின் மகனுக்குக் கொழுப்பை எடுத்து உடற்பாரத்தைக் குறைத்தார்கள் என்று எழுதி வைத்தார். அப்புறம் பிள்ளையாண்டான் எப்படி இருந்தான் என்று எழுதவில்லை. நமக்கு வேண்டியதோ அதுதான்!

1899-ல் அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் ஹோவர்ட் கெல்லி, ஒரு பெண்மணியின் வயிற்றிலிருந்து அறுத்தெடுத்த தோலும் கொழுப்பும் 7,450 கிராம். பெனிசிலின் அப்போது கிடையாது. அது 1928-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1967-ல் பிரேஸில் தேசத்து டாக்டர் இவோ பிட்டாங்கி, 300 பேருக்குச் செய்த சிகிச்சையை ஆராய்ந்து எழுதினார். தழும்பை அடிவயிற்றில், உடைக்குள் மறையும்படி அமைத்தார். தழும்பு மறைந்தது; அபாயம் மறைந்ததா?

அடிவயிற்றை இடுப்புக்கு இடுப்பு கீறுகிறார்கள். தோலை விலா வரை பெயர்க்கிறார்கள். தளர்ந்த தசையை இழுத்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டுகிறார்கள். பெயர்த்த இடத்தில் நீர் கோக்கலாம். புகை பிடிப்பவர்களுக்குத் தோலே அழுகலாம். எல்லாவற்றிலும் பொல்லாதது, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஓடி அடைப்பது. இதை ஜெர்மானிய டாக்டர் விர்ஷோ 1856-லேயே விளக்கி எழுதினார். உறைவைத் தடுக்கும் ஹெப்பாரினுக்கு வழி திறந்தவர் ஜே மக்லீன் என்ற மாணவர், 1916-ல். எங்கே தெரியுமா? அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில்! கத்தி முன்னால் போயிற்று; காவல் 17 வருஷம் கழித்து வந்தது.

காலையில் இதையெல்லாம் சொன்னேன். "அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா, மாமா?"

"வேண்டாம் என்று சொல்ல நான் யார், அம்மா? அழகுக்காக வெட்டினார்களா, உயிருக்காக வெட்டினார்களா என்று ரணத்துக்குத் தெரியாது. மயக்க மருந்து கொடுப்பவர் யார், ரத்தம் உறையாமலிருக்க என்ன செய்வார்கள், எத்தனை நாள் பாரம் தூக்கக்கூடாது என்று கேட்டுவிட்டு முடிவு செய்."

போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "பல வாரம் குழந்தையைத் தூக்கக் கூடாதாம், மாமா" என்றாள். அப்போதும் குழந்தை இடுப்பில்தான் இருந்தது.