வந்திறங்கிய இடமெல்லாம் கடைத்தெரு: சென்னைப் பெருநகர அங்காடிகளின் வரலாறு

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை ஊரான மரக்காணம், உப்பளங்களுக்குப் பெயர் பெற்றது. சென்னையிலிருந்து தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆந்திரக் கடற்கரையில் தொடங்கிச் சென்னையின் ஊடே வரும் பக்கிங்காம் கால்வாய் இங்குதான் முடிகிறது. 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய இக்கால்வாய்ப் பணி, 1876-78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக விரிவாக்கப்பட்டது. 1878-இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது.

படகுகள் ஓடிய காலத்தில் கடலோர உப்பும் விறகும் இவ்வழியே பட்டணத்தை அடைந்தன. சென்ட்ரல் நிலையத்தை அடுத்துள்ள ரயில்வே சரக்கு முற்றம் இன்றும் 'சால்ட் கொட்டார்ஸ்' எனப்படுகிறது. கொட்டாரம் என்பது பண்டகசாலையைக் குறிக்கும் சொல். உப்பு வந்திறங்கிய இடத்துக்கு உப்பின் பெயரே நிலைத்துவிட்டது.

இந்தச் சிறு செய்தியில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. மக்களும் சரக்கும் வந்திறங்கும் இடத்தில் கடை தோன்றுகிறது. கடையை அடுத்து உணவகமும், அதை அடுத்துப் பொழுதுபோக்கும் தோன்றுகின்றன. வழி மாறினால் இவையும் இடம் மாறுகின்றன. சென்னையின் புகழ்பெற்ற கடைத்தெருக்களை இந்த நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

பழந்தமிழ் அங்காடிகள்

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. அதில் வரும் எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அரசனைக் காணச் செல்லும் பாணருக்குக் கடற்கரையில் நுளையர் மகளிர் கள்ளும் சுட்ட மீனும் தருவதை அந்நூல் கூறுகிறது. வழிப்போக்கருக்கு வழியிலேயே உணவு கிடைத்தது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

பெரிய நகரங்களில் இது தனி அங்காடியாகவே வளர்ந்தது. பகலில் நடப்பது நாளங்காடி; இரவில் நடப்பது அல்லங்காடி. மதுரைக்காஞ்சி மதுரையின் இருவகை அங்காடிகளையும் விரிவாகக் காட்டுகிறது. பூம்புகாரில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே நாளங்காடி இருந்ததைச் சிலப்பதிகாரத்தில் காணலாம். கடல்வழி வந்தோரும் உள்நகரத்தாரும் சந்திக்கும் நடுவிடமே சந்தையானது.

கடற்கரையை ஒட்டிய ஜார்ஜ் டவுன்

1639-இல் ஆங்கிலேயர் நிலம் பெற்றுக் கோட்டை எழுப்பத் தொடங்கியபின், அதன் வடக்கே வணிகரும் கைவினைஞரும் குடியேறினர். 'கறுப்பர் நகரம்' எனப்பட்ட அப்பகுதி 1911-இல் ஜார்ஜ் டவுன் ஆனது. செயற்கைத் துறைமுகம் அமையும் முன், கப்பல்கள் ஆழ்கடலிலேயே நிற்கும். மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சரக்கைக் கரை சேர்க்கும். சரக்கு இறங்கிய கரைக்குப் பக்கத்திலேயே மொத்த வணிகம் வேரூன்றியது.

ஒரு தெருவுக்கு ஒரு பொருள் என்ற ஒழுங்கை இங்கு இன்றும் காணலாம். ஆண்டர்சன் தெருவில் காகிதமும் திருமண அழைப்பிதழும் கிடைக்கும். பத்ரியன் தெரு பூக்களுக்குப் பெயர் பெற்றது. நாணயம் அச்சிட்ட சாலையால் பெயர் பெற்ற தங்கசாலைத் தெருவில், சௌகார்பேட்டை வணிகர்கள் கொண்டுவந்த வடநாட்டுத் தின்பண்டங்களுக்கென்றே மாலையில் கூட்டம் கூடுகிறது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் வாழ்வாதாரத்துக்காக 1969-இல் கடற்கரை ரயில் நிலையம் அருகே பர்மா பஜார் அமைந்தது. அவர்களோடு வந்த 'அத்தோ' என்னும் நூடுல்ஸ் உணவு இன்று சென்னையின் சொந்த உணவாகிவிட்டது.

இப்பகுதியின் கொத்தவால் சாவடி, நகரின் காய்கறிச் சந்தையாக நெடுங்காலம் விளங்கியது. குறுகிய தெருக்களில் லாரிகள் நுழைய இயலாத நிலை வந்தபோது, மொத்தச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறியது. படகும் மாட்டுவண்டியும் வளர்த்த சந்தையை லாரி இடம்பெயர்த்தது எனலாம்.

சென்ட்ரலும் மூர் மார்க்கெட்டும்

1873-இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தபின் நகரின் வாசல் அங்கே மாறியது. அதன் அருகே 1900-இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. மாநகராட்சித் தலைவராயிருந்த ஜார்ஜ் மூரின் பெயர் அதற்கு அமைந்தது. பழைய புத்தகம், விளையாட்டுப் பொருள், வளர்ப்புப் பறவை என்று கிடைக்காத பொருளே இல்லை என்னும்படி அது விளங்கியது. ரயிலேறும் வெளியூர்க்காரரும், பாடப்புத்தகம் தேடும் ஏழை மாணவரும் ஒருசேரப் புழங்கிய இடம் அது.

1985 மே 30 அன்று அக்கட்டடம் தீக்கிரையானது. அந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. வணிகர்கள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். கடைகள் பிழைத்தாலும் பழைய கூட்டம் திரும்பவில்லை. நடந்து செல்வோரின் வழியில் இருப்பதும், வழியிலிருந்து சற்று விலகி இருப்பதும் வணிகத்தில் ஒன்றல்ல.

டிராம் ஓடிய மவுண்ட் ரோடு

இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடிய நகரம் சென்னை. 1895-இல் தொடங்கிய அச்சேவை 1953-இல் நின்றது. டிராம் ஓடிய மவுண்ட் ரோடு, இன்றைய அண்ணா சாலை, நகரின் முதல் பொழுதுபோக்கு வீதியாக வளர்ந்தது. ஸ்பென்சர் நிறுவனமும், 1844-இல் தோன்றிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும் அச்சாலையின் அடையாளங்கள் ஆயின.

1913-இல் வார்விக் மேஜர் இங்கு எலெக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கினார். அக்கட்டடம் இன்று அஞ்சல்துறையின் தபால்தலைச் சேகரிப்பகமாக உள்ளது. மறு ஆண்டு ரகுபதி வெங்கையா கெயிட்டி திரையரங்கைத் திறந்தார். 1964-இல் வந்த சஃபையர் வளாகம் சஃபையர், எமரால்டு, புளூ டயமண்ட் என மூன்று அரங்குகளைக் கொண்டிருந்தது. புளூ டயமண்டில் படம் இடைவிடாது ஓடும். எப்போதும் உள்ளே நுழையலாம். 1970-இல் தேவி வளாகம் வந்தது. படம் பார்க்க வந்தவர் புகாரி போன்ற உணவகத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது அந்நாளைய வழக்கம்.

தொலைக்காட்சி வந்தது, நிலத்தின் விலை ஏறியது. சஃபையர் 1994-இல் மூடப்பட்டது. கெயிட்டியும் இடிக்கப்பட்டது. தேவி மட்டும் நிலைத்து நிற்கிறது.

ரயிலடியில் வளர்ந்த தியாகராய நகர்

மாம்பலத்தின் நீண்ட ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுக் குடியிருப்பானது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் அதற்கு இடப்பட்டது. நடுவே அமைந்த பூங்கா பனகல் அரசரின் பெயரைப் பெற்றது. சௌந்தரபாண்டியனார் பெயரிலான அங்காடி மக்கள் வழக்கில் 'பாண்டி பஜார்' ஆனது. 1928-இல் நல்லி பட்டுக்கடை தொடங்கியது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியதும், அமைதியான குடியிருப்பின் வாசலில் நகரமே வந்து இறங்கியது.

மாம்பலம் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்குச் செல்லும் ரங்கநாதன் தெருவைப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். அத்தெரு மிகக் குறுகியது. வாகனத்துக்கு அங்கு இடமில்லை. ஆயினும் ரயிலில் இறங்குவோர் நடந்தே கடக்க வேண்டியிருப்பதால் அதன் இருபுறமும் பாத்திரம், துணி, நகை வணிகம் பெருகியது. மரக்காணம் போன்ற ஊர்களிலிருந்து திருமணப் புடவை எடுக்க வருவோருக்கும் இப்பகுதியே இலக்கு. 2023-இல் மாம்பலம் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் திறக்கப்பட்டது. கூட்டம் இன்று தெருவுக்கு மேலேயும் நடக்கிறது.

உணவும் இசையும்

கிருஷ்ணராவ் 1938-இல் இராயப்பேட்டையில் தொடங்கிய உட்லண்ட்ஸ், உடுப்பிச் சமையலை நகருக்கு நெருக்கமாக்கியது. கார்கள் பெருகிய காலத்தில், 1962-இல், கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் வந்தது. அங்குக் காரில் அமர்ந்தபடியே சாப்பிடலாம். 2008-இல் அது மூடப்பட்டு, அவ்விடத்தில் செம்மொழிப் பூங்கா 2010-இல் அமைந்தது.

மார்கழி இசைவிழாவும் இவ்வரலாற்றில் அடங்கும். 1928-இல் நிறுவப்பட்ட மியூசிக் அகாதெமியைத் தொடர்ந்து மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்கள் பெருகின. கச்சேரியோடு சபா சிற்றுண்டிச்சாலையும் புகழ் பெற்றது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாச்சாலையாக அமைத்த மெரினா இருக்கிறது. அங்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு பொட்டலம் சுண்டலோடு ஒரு குடும்பம் மாலை முழுவதும் இருக்கலாம்.

பேரங்காடிகளும் நடைபாதையும்

தீக்கிரையான பழைய ஸ்பென்சர் கட்டடத்தின் இடத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. பிறகு எக்ஸ்பிரஸ் அவென்யூ (2010), வேளச்சேரி ஃபீனிக்ஸ் (2013) முதலியன வந்தன. கடை, உணவு, திரையரங்கு ஆகிய மூன்றும் இப்போது ஒரே கூரையின்கீழ் உள்ளன. வசதி பெரிது, ஆனால் வாசலில் காவலர் நிற்கிறார். பூக்கூடையோடு வரும் பெண்ணுக்கு அங்குக் கடை விரிக்க வழியில்லை.

பாண்டி பஜாரில் இக்கேள்வி நேரடியாக எழுந்தது. நீண்ட வழக்குகளுக்குப்பின் 2013-இல் நடைபாதை வணிகர்கள் மாநகராட்சி கட்டிய வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். மறு ஆண்டு நடுவண் அரசின் தெரு வணிகர் சட்டம் வந்தது. அது அவர்களின் தொழிலை உரிமையாக ஏற்று, கணக்கெடுப்பையும் விற்பனை மண்டலங்களையும் வகுத்தது. 2019-இல் பாண்டி பஜார் அகன்ற நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. முதியோரும் குழந்தைகளும் அச்சமின்றி நடக்கும் சாலை கிடைத்தது பெரும் நன்மை. நடப்போர் வழியிலிருந்து சிறு வணிகர் அகற்றப்பட்டது அதன் விலை. இரண்டையும் சேர்த்தே நாம் எடைபோட வேண்டும்.

முடிவுரை

கடற்கரை, ரயிலடி, டிராம் பாதை, மின்ரயில் நிலையம் என்று சென்னையின் அங்காடி இடம் மாறிக்கொண்டே வந்துள்ளது. இப்போது மெட்ரோ நிலையங்கள் புதிய இறங்குமிடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் பெரிய நிறுவனம் புதிய கட்டடம் கட்டிக்கொண்டது. சிறு வணிகருக்கு முதலீடே வழியோரத்தில் இருக்கும் அந்த நான்கடி இடம்தான். புதிய நிலையத்தின் வரைபடத்திலேயே அவர்களுக்கும் இடம் குறித்துவிட்டால், மூர் மார்க்கெட்டுக்கு நேர்ந்தது திரும்ப நேராது. மரக்காணத்துக்கு இப்போது உப்புப் படகு வருவதில்லை. பட்டணத்தில் கொட்டாரம் என்ற பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. தெருக்களில் பெயரோடு மனிதரும் எஞ்சியிருக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.