களரியும் பாவையும்: தாதியர் கல்வியில் ஒத்திகை

மருந்தினை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகியவற்றோடு உழைச்செல்வானையும் ஒரு கூறாக வைத்தார். அருகிருந்து பேணுவோரின்றி மருத்துவம் முற்றுப்பெறாது என்னும் உண்மை தமிழர்க்குப் புதியதன்று. ஆயின், அப்பேணுங்கலையைக் கற்பிப்பது எங்ஙனம்? நூலறிவு மட்டும் கைக்குத் திறன் தருவதில்லை. நோயாளியின் உடலிலேயே முதன்முதற் பழகுவதோ அவருக்குத் தீங்காகலாம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட களமொன்றைத் தேடிய முயற்சியே தாதியர் கல்வியில் ஒத்திகைப் பயிற்சியின் வரலாறாகும்.

பிரான்சில் 1759ஆம் ஆண்டு பதினைந்தாம் லூயி மன்னனின் ஆணைபெற்ற தியூ கூத்ரே என்னும் மருத்துவிச்சி, துணியாலும் தோலாலும் அமைந்த பாவையொன்றுடன் ஊரூராகச் சென்று, எழுத்தறியாத நாட்டுப்புறப் பெண்கள் பலர்க்கும் மகப்பேற்று முறைகளைக் கற்பித்தார். 1911இல் அமெரிக்காவின் ஹாட்போர்ட் மருத்துவமனைத் தாதியர் பள்ளி, ‘திருமதி சேஸ்’ எனப் பெயர்பெற்ற ஆளுயரப் பாவையைப் பயிற்சிக்குக் கொண்டது. 1960இல் நோர்வே நாட்டு விளையாட்டுப்பொருள் உற்பத்தியாளரான லேர்டால், வாயோடு வாய்வைத்து மூச்சூட்டும் முறையைப் பழகுதற்குரிய பாவையை ஆக்கினார். பாவை பேசாது என்னும் குறையை நீக்கியவர் ஹவார்ட் பறோஸ் என்னும் நரம்பியல் மருத்துவர். 1963இல் அவர் நோயாளியாக நடிக்கப் பயிற்றப்பட்ட ஒருவரை மாணவர்முன் நிறுத்தினார். மருத்துவக் கல்விக்குள் நடிப்புக்கலை நுழைந்தது இவ்வாறே.

செயல்முறை முன்சென்றது, கொள்கை பின்வந்தது. 1984இல் டேவிட் கோல்ப், பட்டறிதல், அதனை மீள நோக்குதல், கருத்தாக்குதல், மீண்டும் செய்துபார்த்தல் எனக் கற்றலைச் சுழற்சியாக விளக்கினார். அதே ஆண்டில் பற்றீசியா பெனர், டிரைபஸ் சகோதரரின் கொள்கையைத் தழுவி, புதுமுகத் தாதி ஐந்து படிகளிலே தேர்ச்சியாளராக வளர்வதை எடுத்துக்காட்டினார். விதியைப் பற்றிநிற்பவர் புதுமுகம். சூழலை முழுமையாக உணர்ந்து செயற்படுபவர் தேர்ச்சியாளர்.

மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும் வாழ்வோர்க்கு இக்கல்விமுறை முற்றிலும் அந்நியமானதன்று. உழவரும் மீனவரும் ஆடிவந்த வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பழக்கும் அண்ணாவியார், குரலும் உடலமைப்பும் நோக்கிப் பாத்திரம் வகுத்துச் சட்டம் கொடுப்பார். தாளக்கட்டும் ஆட்டமும் பல மாதம் பழகியபின்னரே சதங்கை அணிதல் நிகழும், அதன்பின் அடுக்குப் பார்த்தல், இறுதியில் அரங்கேற்றம். ஒவ்வொரு படியிலும் அண்ணாவியாரும் ஊர்ப் பெரியோரும் குறை கண்டு திருத்துவர். களரியிற் பிழைத்த அடி எவர் உயிரையும் வாங்குவதில்லை. அரங்கிற்குமுன் அது திருத்தப்படுகிறது. படிமுறை வளர்ச்சி, இடையறாத் திருத்தம், பிழைக்கு இடமளிக்கும் களம் ஆகிய மூன்றும் பாவைக்கூடத்திற்கும் உரியனவே.

எனினும் இவ்வொப்புமைக்கு எல்லையுண்டு. கூத்தன் மரபுவழி வந்த சட்டத்தைப் பிசகாது ஆடவேண்டியவன். தாதிக்கோ நோயாளியின் நிலை கணந்தோறும் மாறலாம். சட்டம் முடியும் இடத்திலேயே அவரது கடமை தொடங்குகிறது. ஆகவே, ஒத்திகையின் உயிர்நிலை செய்துமுடித்தலில் மட்டுமன்றி, அதன்பின் நிகழும் உரையாடலிலும் தங்கியுள்ளது. ‘ஏன் அவ்வாறு செய்தீர்?’ என்னும் வினா எழாவிடின், விலையுயர்ந்த பாவையும் வெறும் பொம்மையே. அமெரிக்காவில் 2014இல் வெளியான பெரியதோர் ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தின் பாதிவரை ஒத்திகைக்கு ஒதுக்கினும் கல்விப்பயன் குன்றவில்லை எனக் கண்டது. ஆயின், தேர்ந்த ஆசிரியரும் முறையான பின்னாய்வும் அதற்கு இன்றியமையா நிபந்தனைகளாயின.

1981இல் வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986இல் முழுமைபெற்ற கிழக்குப் பல்கலைக்கழகம் இன்று தாதியர் கல்வியிற் பட்டமும் வழங்குகின்றது. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையையும் கண்ட மண் இது. அத்தகைய நாளிற் கற்றுக்கொள்ள அவகாசமில்லை. முன்னரே கற்ற கை மட்டுமே உதவும். பாவையை வெளிநாட்டிலிருந்து வாங்கலாம். ஒத்திகைக்குரிய கதையை வாங்கவியலாது. வயலிற் பாம்பு தீண்டிய உழவன், படுவான்கரையிலிருந்து காலந்தாழ்ந்து வந்துசேரும் கர்ப்பிணி, தன் நோயைத் தன் ஊர்ப்பேச்சிலேயே சொல்லத் தெரிந்த முதியவள் ஆகியோரே இங்குரிய பாத்திரங்கள். அவர்களைப் படைப்பதற்குத் தாதியர் ஆசிரியர் அண்ணாவியாரையும் துணைக்கழைப்பாராயின், வாவிக்கரையின் பழங்கல்வி புதுக்கல்விக்கு உரமாகும்.