ஆசிரியருக்கும் விடை தெரியாத கேள்வி



கடந்தகால வினாத்தாள்களைச் செய்து செய்து, கணிதம் என்றால் விடை ஏற்கனவே எங்கோ அச்சடித்துக் கிடக்கும் பாடம் என்று எமது பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். விடையே இல்லாத கேள்விகளோடு வாழ்ந்தவர்களின் வரலாறு ஒன்றை இன்று பகிர்கிறோம்.

குச்சவெளிக் கரையில் இரண்டு வலைகள் சிக்கிக் குவிந்து கிடப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த முடிச்சு எந்த முடிச்சோடு நூலால் இணைந்திருக்கிறது என்று மட்டும் பார்த்தால், இரண்டும் ஒரே பின்னலா, வேறு வேறா? சிறிய வலை என்றால் விரித்துப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான முடிச்சுகள் எப்படியும் பின்னியிருந்தால்? எல்லா வலைகளுக்கும் பொருந்தும் விரைவான வழி உண்டா என்பது கணினி அறிவியலின் பழைய புதிர்களில் ஒன்று.

இதற்குச் சாவி வந்த இடம் வேறு. ஒரு சதுர ஓட்டைத் திருப்பியும் புரட்டியும் அதே இடத்தில் 8 விதமாகப் பொருத்தலாம். இப்படியான மாற்றங்களின் தொகுதியைத் தமிழ்நாட்டுக் கணித நூல்கள் 'குலம்' என்கின்றன. பிள்ளைகள் விளையாடும் ரூபிக் கனசதுரத்தின் குலத்தில் 43,252,003,274,489,856,000 நிலைகள். ஒவ்வொன்றாக எண்ண ஆயுள் போதாது. எண்ணாமலே கணக்கிடும் வழியை அமெரிக்கரான சார்ல்ஸ் சிம்ஸ் 1970இல் தந்தார். இன்று சாதாரண கணினிக்கு அது நொடி வேலை.

மீன்வலையில் ஒரு முடிச்சிலிருந்து நான்கு நூல்தான் பிரியும். அப்படி நூல்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை இருந்தால் விரைவான வழி உண்டு என்று 1982இல் யூஜின் லக்ஸ் நிறுவினார். அவருக்குக் கைகொடுத்ததும் குலங்களே. எல்லை இல்லாத வலைகள்தான் மிஞ்சி நின்றன.

அந்த மிச்சத்தில் கைவைத்தவர்களில் ஒருவர் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் வி. அரவிந்த். பின்னாளில் அந்நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். 2002இல் அவரும் அவருடைய ஆய்வு மாணவர் பியூஷ் குரூரும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். எண்ணிக்கைக் கணக்குகளைச் செய்யும் ஒருவகைக் கற்பனைக் கணினிக்கு இந்தப் புதிரின் விடையை இலவசமாகவே கொடுத்தாலும் அதன் பலம் கூடாது என்பதே அதன் சாரம். புதிர் அவிழவில்லை. ஆனால் அதன் கடினத்துக்கு ஒரு வரம்பு கிடைத்தது.

அதே 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், தன் மாணவர்களான நீரஜ் கயல், நிதின் சக்சேனா ஆகியோருடன், ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் சோதிக்கும் வழியைக் கண்டார். இரண்டு இடத்திலும், ஆசிரியருக்கே விடை தெரியாத கேள்வியின் முன் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

2015இல் சிக்காகோவில் லாஸ்லோ பாபாய் எல்லா வலைகளுக்கும் முன்னிருந்ததைவிட மிக வேகமான வழியை அறிவித்தார். 2017 ஜனவரியில் ஹரால்ட் ஹெல்ஃப்காட் அதில் ஒரு பிழையைக் காட்டினார். பாபாய் அதைப் பகிரங்கமாக ஏற்று, சில நாட்களில் திருத்தினார். அவருடைய மதிப்பு அதனால் குறையவில்லை. முழுமையான விடை இன்னும் பாக்கி.

இப்படியான கணக்கு வழிமுறையைத்தான் உலகம் 'அல்கோரிதம்' என்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்த சொல் அது. பெருமை பேச அவர் பெயரை எடுக்கும் நாம், உயர்தரத்தில் கணிதப் பிரிவு என்றதும் "உனக்கு அது சரிவராது" என்று பிள்ளையைத் திருப்பிவிடுகிறோம்.

பெற்றோரே, பிள்ளை பாடத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டால் "பரீட்சைக்கு வருமா?" என்று அடக்கிவிடாதீர்கள். "எனக்கும் தெரியாது, வா சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஆசிரியர்களாகிய நாமும் வகுப்பில் அதைச் சொல்லப் பழகுவோம், இன்ஷா அல்லாஹ்.