கட்டுநாயக்க ஓடுபாதையும் 1971இல் இலங்கையின் நடுநிலையும்

ஒரு சிறிய அரசின் நடுநிலையை அதன் தலைவர்கள் உலக அரங்குகளில் ஆற்றிய உரைகளைக் கொண்டு மதிப்பிடுவது எளிது. ஆனால் போர் மூளும் வேளையில் அந்த நாட்டின் விமான நிலையத்தில் யாருக்கு இறங்க அனுமதி கிடைத்தது, யாருடைய விமானத்துக்கு எரிபொருள் நிரப்பப்பட்டது என்பவற்றைப் பார்த்தால்தான் அதன் உண்மையான தன்மை புலப்படும். கிழக்குப் பாகிஸ்தான் நெருக்கடி இந்திய–பாகிஸ்தான் போராக முற்றிய 1971ஆம் ஆண்டில், கொழும்பிலிருந்து களனி ஆற்றைக் கடந்து வத்தளை, ஜாஎல வழியாக வடக்கே செல்லும் நீர்கொழும்பு வீதியை அண்டியுள்ள கட்டுநாயக்க விமான நிலையம் அத்தகைய உரைகல்லாக அமைந்தது. அன்றைய இலங்கையின் போக்குக் குறித்து இருவகைத் தீர்ப்புகள் நிலவுகின்றன. பாகிஸ்தானுக்கு மறைமுகமாகத் துணைபோனது என்பது ஒன்று. எல்லாத் தரப்பையும் சாமர்த்தியமாகக் கையாண்டது என்பது மற்றொன்று. கொழும்பின் நடுநிலையைத் தாங்கி நின்றது அதற்கு உதவியோர் பலராக இருந்தமையே என்பதும், அரசுகளுக்கிடையே காக்கப்பட்ட அந்த நடுநிலை கிழக்கு வங்காள மக்களின் துயர் குறித்த மௌனத்தை விலையாகக் கொடுத்தே பெறப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இவ்விடத்தில் இரு கருத்தாக்கங்களைப் பிரித்தறிதல் வேண்டும். நடுநிலை என்பது போர்க்காலத்துக்குரிய சட்டநிலை. 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, போரிடும் தரப்பின் படைகளோ போர்த்தளபாடங்களோ தன் ஆள்புலத்தின் ஊடாகச் செல்ல நடுநிலை நாடு இடமளிக்கலாகாது என விதிக்கிறது. அணிசேராமை என்பதோ சமாதான காலத்திலும் தொடரும் அரசியல் நிலைப்பாடு. வல்லரசுக் கூட்டணி எதிலும் சேராதிருப்பதை அது குறிக்குமேயன்றி, எவருடனும் கொடுக்கல் வாங்கல் கூடாதென்று கோருவதில்லை. இந்த இரண்டாவது வகையில் இலங்கைக்கு முன்னனுபவம் இருந்தது. கொரிய யுத்த காலத்தில், அமெரிக்காவின் அதிருப்தியைப் பொருட்படுத்தாமல், 1952இல் சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்துகொண்ட நாடு இது. இந்திய–சீனப் போரையடுத்து 1962 டிசெம்பரில் ஆறு அணிசேரா நாடுகளைக் கொழும்பில் கூட்டிச் சமரச யோசனைகளை முன்வைத்ததும் இதே நாடுதான். எனினும், அவ்விரு தருணங்களிலும் இலங்கையின் மண் எத்தரப்பினதும் படை நகர்வுக்குத் தேவைப்படவில்லை. 1971இல் தேவைப்பட்டது.

1971 ஜனவரி இறுதியில் இந்திய விமானமொன்று லாகூருக்குக் கடத்தப்பட்டு அங்கே எரிக்கப்பட்டதைத் தொடர்ந்து, இந்தியா பெப்ரவரி 4ஆம் திகதி தன் வான்பரப்பைப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. கராச்சியிலிருந்து டாக்காவுக்கு நேர்வழியில் பறந்த விமானங்கள் இந்தியத் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு செல்ல நேர்ந்ததால் பயணத்தூரம் ஏறத்தாழ இருமடங்காயிற்று; இடையில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளக் கட்டுநாயக்க இன்றியமையாததாயிற்று. மார்ச் 25ஆம் திகதி இரவு டாக்காவில் இராணுவ நடவடிக்கை தொடங்கிய பின், பாகிஸ்தான் தன் 9ஆம், 16ஆம் காலாட்படைப் பிரிவுகளை மேற்கிலிருந்து கிழக்குக்கு வான்வழியே நகர்த்தியது. படையினர் சாதாரண உடையில் இலங்கை வழியாகக் கொண்டுசெல்லப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டு இந்தியாவில் எழுந்தது. இலங்கை அரசு அதனை ஏற்கவில்லை. சட்ட நோக்கில் பார்த்தால், அப்போது இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே போர் எதுவும் இருக்கவில்லை. கிழக்கில் நிகழ்ந்ததைப் பாகிஸ்தானின் உள்நாட்டு விவகாரமாகவே பெரும்பாலான அரசுகள் கருதின. ஆகவே ஹேக் விதி இங்கு கண்டிப்பான பொருளில் பொருந்தாது. ஆயினும் சட்டம் தடுக்காத செயல் விளைவில் நடுநிலையானதாகிவிடாது: ஓடுபாதை திறந்திருந்தது ஒரு தரப்பின் படைவலுவைக் கூட்ட உதவியது, மூடப்பட்டிருந்தால் அது மறுதரப்பின் முற்றுகைக்குத் துணையாகியிருக்கும். எத்தரப்புக்கும் சாயாத ஒரு தெரிவு கொழும்பின் முன் இருக்கவில்லை.

இந்த இக்கட்டு முற்றுமுன்னரே இலங்கை தன் உள்நாட்டு நெருக்கடியில் அகப்பட்டது. மார்ச் 16ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டிருக்க, ஏப்ரல் 5ஆம் திகதி இடதுசாரிக் கிளர்ச்சி இயக்கமான மக்கள் விடுதலை முன்னணியின் இளைஞர்கள் நாட்டின் பல பாகங்களிலும் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். சில ஆயிரம் பேரை மட்டுமே கொண்டதும் ஆயுத வசதி குன்றியதுமான படையை வைத்திருந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம், கேட்கக்கூடிய எல்லோரிடமும் உதவி கேட்டது. இந்தியக் கடற்படைக் கப்பல்கள் கரையோரத்தைக் காவல் காத்தன. இந்திய ஹெலிகொப்டர்கள் வந்தன. கட்டுநாயக்க விமான நிலையத்தின் பாதுகாப்பில் இந்தியப் படையினர் ஈடுபட்டனர். பாகிஸ்தானும் ஹெலிகொப்டர்களை அனுப்பியது. எட்டு மாதங்களின் பின் ஒன்றையொன்று தாக்கவிருந்த இரு நாடுகளின் விமானப்படையினர் ஒரே சிறு தீவில் ஒரே அரசாங்கத்துக்காகப் பணியாற்றிய இந்நிலை, தென்னாசிய இராஜதந்திர வரலாற்றில் பெற வேண்டிய கவனத்தை இன்னும் பெறவில்லை. சோவியத் ஒன்றியம் மிக்-17 ரகப் போர் விமானங்களை வழங்கியது. பிரித்தானியா, அமெரிக்கா, யூகோஸ்லாவியா, எகிப்து ஆகியனவும் ஏதோவொரு வகையில் கைகொடுத்தன. வட கொரியத் தூதரகத்தினர் மட்டும் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர்.

இவர்களுள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கிருந்தது. மக்கள் விடுதலை முன்னணி தன் அரசியல் வகுப்புகளில் ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்பதை ஒரு பாடமாகவே நடத்தியது. மலையகத் தமிழரை அதன் கருவியாகச் சித்திரித்தது. அத்தகைய இயக்கம் அயலில் ஆட்சிக்கு வருவதைப் புதுடில்லி விரும்பியிருக்க முடியாது. சீனாவின் நிலையோ நுட்பமானது. கிளர்ச்சியாளரின் சித்தாந்தச் சாயல் காரணமாகப் பீக்கிங்கின் மீது ஐயம் படர்ந்திருந்த வேளையில், சீனப் பிரதமர் சூ என்லாய் ஏப்ரல் இறுதியில் சிறிமாவோவுக்கு எழுதிய கடிதம் கிளர்ச்சியைக் கண்டித்ததோடு, 150 மில்லியன் ரூபா பெறுமதியான வட்டியில்லாக் கடனையும் அறிவித்தது. அதே மாதத்தில் அவர் பாகிஸ்தான் ஜனாதிபதி யாஹ்யா கானுக்கும் ஆதரவுக் கடிதம் எழுதியிருந்தார் என்பதை இதனுடன் சேர்த்து நோக்கினால், தெற்காசியாவில் சீனா ஆதரித்தது கிளர்ச்சியாளரை அல்ல, நிலைபெற்ற அரசுகளையே என்பது தெளிவாகும். இத்தனை பேர் போட்டியிட்டுக் கொடுத்ததனாலேயே எவரும் தனியுரிமை கொண்டாட முடியவில்லை. இந்தியா மட்டும் உதவியிருந்தால் பாகிஸ்தானிய விமானங்களுக்கு ஓடுபாதையை மூடுமாறு அது வற்புறுத்தியிருக்கலாம். பாகிஸ்தானும் சீனாவும் உடன் உதவியமை அந்த வற்புறுத்தலின் வலுவைக் குறைத்தது. அவ்வகையில், சாமர்த்தியம் எனப் பின்னாளில் போற்றப்பட்டதன் பெரும்பகுதி அவலத்தில் நீட்டிய கைக்குப் பலரும் போட்டியிட்டு ஈந்ததன் விளைவேயாகும்.

இதன் மறுபக்கம் கசப்பானது. அவ்வேளை இலங்கையில் இருந்த பிரெஞ்சு வேளாண்மை அறிஞர் ரெனே டுமோன், ஏப்ரல் 13ஆம் திகதி கொழும்பின் விக்டோரியா பாலத்திலிருந்து பார்த்தபோது களனி ஆற்றில் சடலங்கள் மிதந்து சென்றதாக எழுதினார். கட்டுநாயக்கவிலிருந்து தலைநகருக்கு வரும் வழியில் இருந்த பாலம் அது. தன் இளைஞரை இவ்வாறு அடக்கிக்கொண்டிருந்த அரசாங்கம், டாக்காவில் நிகழ்ந்த கொலைகளைக் கண்டிக்கும் தார்மீகத் தகுதியைத் தானே இழந்துவிட்டது. ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் தஞ்சம் புகுந்த அவ்வாண்டில், கொழும்பு பாகிஸ்தானின் ஆள்புல ஒருமைப்பாட்டையே பற்றி நின்றது. டிசெம்பர் 7ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை போர்நிறுத்தமும் படைவிலகலும் கோரி 104 வாக்குகளால் நிறைவேற்றிய தீர்மானத்துக்கு இலங்கையும் வாக்களித்தது. எதிர்த்து வாக்களித்த 11 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. கிழக்கு வங்காளத்தில் ஒரு மொழிச் சமூகம் தேர்தலில் பெரும்பான்மை வென்றும் ஆட்சி மறுக்கப்பட்டுப் பிரிவினைக்குத் தள்ளப்பட்ட வரலாறு, தனக்கும் ஒரு மொழிப் பிரச்சினை இருந்த நாட்டின் ஆட்சியாளருக்கு எச்சரிக்கையாகவே தோன்றியிருக்கும். ஆனால் பிரிவினையைப் பற்றிய அச்சமாக அதனைப் படித்தார்களேயன்றி, அதிகாரத்தைப் பகிர மறுப்பதன் விளைவாகப் படிக்கவில்லை. அதிகாரப் பகிர்வுக்கு இடமளிக்காமல் 1972 மே மாதத்தில் நிறைவேற்றப்பட்ட குடியரசு யாப்பு அதற்குச் சான்று.

டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த டிசெம்பர் 16ஆம் திகதியே, இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனப்படுத்தும் இலங்கையின் தீர்மானம் பொதுச்சபையில் நிறைவேறியது. வல்லரசுகளின் கடற்போட்டியை இச்சமுத்திரத்திலிருந்து அகற்றுவதே அதன் நோக்கம். 61 நாடுகள் ஆதரித்தன, எதிர்ப்பு இல்லை, 55 நாடுகள் வாக்களிக்காது விலகின. விலகியவற்றுள் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரித்தானியா, பிரான்ஸ் ஆகியனவும் அடங்கும். அவ்வேளை அமெரிக்காவின் ‘என்டர்பிரைஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் இப்பிராந்தியக் கடலில் இருந்தது. இலங்கை நேர்மையுடனேயே முன்வைத்த இத்தீர்மானம், எரிபொருள் கொடுத்தும் ஹெலிகொப்டர் கேட்டும் நிற்கையில் தனக்குக் கிட்டாத சட்டப் பாதுகாப்பை முழுச் சமுத்திரத்துக்கும் கோரியது. கிழக்குப் பாகிஸ்தான் பிரிந்து உருவான புதிய பங்களாதேஷை இலங்கை 1972 மார்ச்சில் அங்கீகரித்தது: மொஸ்கோவுக்கும் லண்டனுக்கும் பின்னர், வொஷிங்டனுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னர், பீக்கிங்குக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக முன்னர்.